மாதா ஊர்வலத்துக்கு ஒரு படைச் சட்டம்

கோலியர்ஸ் வுட்
09.03.2025

மரியே வாழ்க!

அன்புத் தம்பி சூசைதாசனுக்கு,

அக்கா கிளறிற்றா எழுதுகிறேன். கடித உறையைக் கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதே. எல்லோரும் உயிரோடும் நல்ல சுகத்தோடும் இருக்கிறோம். அத்தானுடைய சீனி வருத்தம் மட்டும் அவர் ஒளித்துச் சாப்பிடுகிற பிஸ்கற்றைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. உன் முழங்கால் எப்படி? பிரசர் குளிசையை ஒழுங்காக எடுக்கிறாயா?

தபசு காலத்துக்கு ஏதாவது ஒன்றை விடச் சொல்லி எங்கள் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். அத்தான் இறைச்சியை விட்டார். நான் உன்னோடு ரெலிபோனில் கதைப்பதை விட்டுவிட்டேன். சிரிக்காதே. நீயும் நானும் போன் எடுத்தால் சுகம் விசாரித்து முடிய முன்னமே கொழுவத் தொடங்கிவிடுகிறோம். கடைசியாக எதற்குச் சண்டை பிடித்தோம் என்று எனக்கு நினைவே இல்லை, போனைப் பட்டென்று வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. கடிதத்தில் நீ இடையில் புகுந்து கத்த ஏலாது. ஆகவே இனி எழுத்துத்தான்.

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கோயில் பங்கில் இந்த முறையும் மாதா திருவிழாவுக்குத் தொண்டர் அணித் தலைவராக உன்னைத்தான் போட்டிருக்கிறார்களாம். எட்மண்டனில் நடப்பதெல்லாம் எனக்கு இங்கே மீன்கடையில்தான் தெரியவருகிறது, உன் வாயால் இல்லை. போன வருசக் கூத்தும் அங்கேதான் கேள்விப்பட்டேன். தொண்டர்களில் பாதிப் பேர் சுடச்சுட றோல்ஸ் விற்ற மேசையடியில் நின்றார்களாம். மிச்சப் பேர் ஆளுக்கொரு கட்டளை போட்டதில் மாதா சுரூபம் சந்தியில் பிழையான பக்கம் திரும்பிப் பெற்றோல் நிலையத்துக்குள் போய் நின்றதாம். பின்னால் மறிபட்டு நின்றது உன் கராஜ் பஸ்ஸாம்! சொன்னவள் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினதில் மீன் வாங்க வந்த சனம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஆனால் கவுன்சில் ஃபாதருக்குக் கடிதம் அனுப்பினது உண்மையா? இன்னொரு முறை குழம்பினால் ஊர்வலம் றோட்டுக்கு வர ஏலாது, கோயில் வளவுக்குள்ளேதான் சுற்ற வேண்டும் என்று? எழுது.

எங்கள் பிள்ளை ஜெஸ்ரின் பல்கலைக்கழக ஆய்வு முடிக்கிற அந்தரத்தில் நிற்கிறாள். அமெரிக்கா சுதந்திரம் எடுத்த புதிதில் கமக்காரரையும் கடைக்காரரையும் பிடித்து ஊர்ப்படை ஆக்கப் போட்ட சட்டங்களாம். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் துவக்கு, தோட்டாக் கதைதான்.

உனக்கென்று தனியாக ஒரு செபமாலை சொல்லிவருகிற,
அக்கா கிளறிற்றா


எட்மண்டன்
23.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்கால் மழைக்கு முந்திச் செய்தி சொல்கிறது, லண்டனில் அதற்கு ஓய்வே இல்லை. அத்தானின் பிஸ்கற் தகரத்தை உடுப்பலுமாரியின் மேல்தட்டில் தேடிப் பாருங்கள்.

போனை வைத்தது நான் இல்லை, நீங்கள். அதை எழுதிவிட்டு மேலே போகிறேன்.

கவுன்சில் கதை உண்மைதான். கராஜில் நான் கொன்ட்ரோலர். றேடியோவில் ஒரு சொல் சொன்னால் பஸ் நிற்கும், ஒரு சொல் சொன்னால் திரும்பும். கோயிலில் அதே சாரதிமார் மஞ்சள் ஜக்கெற்றைப் போட்ட உடனே எல்லோரும் தளபதி ஆகிவிடுகிறார்கள். "வலப்பக்கம் திரும்புங்கோ" என்று நான் கத்த, "அண்ணை சும்மா இருங்கோ, நேர போவம்" என்று ஒருத்தன், "இல்லை, இஞ்சால" என்று இன்னொருத்தன். மாதா பெற்றோல் அடிக்கப் போகாமல் என்ன செய்வா?

அக்கா, பகிடியை விடுவோம். இந்த வருசமும் குழம்பினால் மாதா இனி றோட்டுக்கு வரமாட்டா. வருசத்தில் ஒரு நாள்தான் நாங்கள் இந்த ஊர்த் தெருவில் தலை நிமிர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம். அது என்னால் நின்றுபோனது என்று சனம் சொல்லும். அந்தப் பேரோடு நான் எப்படிப் பூசைக்குப் போவது?

ஜெஸ்ரினிடம் அந்தச் சட்டத்தை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கமக்காரரைப் படையாக்கினவன் எங்கள் ஆட்களையும் வரிசையில் நிறுத்த வழி வைத்திருப்பான்.

மன்னாரில் இருந்து வந்த மேரிசாந்தி என்று ஒரு ஆள் புதிதாக எங்கள் பங்கில் சேர்ந்திருக்கிறா. பஸ் ஓட்டுகிறா, வேறு கராஜ். முதல் மீற்றிங்கிலேயே எழும்பி, "விசில் ஊதினா மாடுதான் வரும், மனிசர் வராயினம்" என்கிறா. என்ன வாய்!

உங்கள் செபமாலையில் கவுன்சிலையும் சேர்க்கும்படி கேட்டு,
தம்பி சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
05.04.2025

அன்புள்ள மாமா,

நான் நல்ல சுகம். நீங்களும் உங்கட முழங்காலும் சுகமா? இதைத்தான் முதல் எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறா. தமிழில் கையால் எழுதி எத்தனையோ வருசம். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நீங்கள் கேட்டது 1792ஆம் ஆண்டுச் சட்டம். பதினெட்டு வயதில் இருந்து நாற்பத்தைந்துக்குள் இருக்கிற ஆண்கள் தங்கள் ஊர்ப்படையில் பெயர் பதிய வேண்டும். துவக்கு, தோட்டாப் பை, முதுகுப் பை எல்லாம் அவரவர் தாங்களே தேடிக்கொண்டு வரவேண்டும். தபால் ஊழியர், தபால் கொண்டுபோகிற வண்டிச் சாரதிகள், படகோட்டிகள், மாலுமிகள் என்று சிலருக்கு விலக்கு உண்டு. அவர்கள் வேலையை விட்டால் நாடு நின்றுவிடும்.

எழுத்தில் நல்ல வடிவுதான். உண்மையில் என்ன நடந்தது தெரியுமா? பயிற்சி நாள் கார்னிவல் மாதிரி. துவக்கு இல்லாதவர்கள் சோளத்தட்டு, விளக்குமாறு, குடை என்று கையில் கிடைத்ததைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முடிய ஒரே குடி. பல இடங்களில் தலைவரையும் படையினரே வாக்குப் போட்டுத்தான் தெரிவுசெய்தார்கள்.

இன்னொன்று மாமா. அந்தச் சட்டம் வெள்ளை ஆண்களுக்கு மட்டும். நீங்கள், நான், அம்மா யாரும் அதற்குள் இல்லை. இதைச் சிரிக்கத்தான் அனுப்புகிறேன், பின்பற்ற இல்லை. ப்ளீஸ்!

உங்களுக்கு ஒரு பெரிய ஹக்,
ஜெஸ்ரின்


எட்மண்டன்
29.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். தபசு முடிந்தது, போன் எடுத்திருக்கலாம். ஆனால் இதைப் போனில் சொன்னால் நீங்கள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். சுகமாயிருங்கள், நான் சுகமாயில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மானம்தான் போய்விட்டது.

ஜெஸ்ரின் பின்பற்றாதேங்கோ என்று எழுதினவள். நான் பின்பற்றினேன். உட்கார்ந்து நல்ல தமிழில் ஒரு ஒழுங்குவிதி எழுதினேன். பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது வரையான ஆண்கள் பெயர் பதிய வேண்டும். ஜக்கெற், ரோச் லைற், மழைக்கோட்டு எல்லாம் அவரவர் பொறுப்பு. பிந்தி வருபவர் திருவிழாச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். அந்த வெள்ளைக்காரச் சங்கதியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே எடுத்தேன். விலக்குகளையும்தான். சட்டமென்றால் விலக்கு இருந்தால்தானே ஒரு களை? "தபால் ஊழியர், வண்டிச் சாரதிகள், படகோட்டிகள், மாலுமிகள் நீங்கலாக" என்று கடைசியில் போட்டேன்.

ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் எழும்பி நின்று வாசித்தேன். முதலில் எல்லோரும் பயபக்தியாகத்தான் கேட்டார்கள். விலக்கு வந்தது பாருங்கள், மேரிசாந்தி கையை உயர்த்திச் சொன்னா:

"நான் வண்டிச் சாரதி. எனக்கு விலக்கு."

"பொம்பிளையள் சட்டத்திலேயே இல்லை. உங்களுக்கு ஏன் விலக்கு?" என்றேன்.

"அப்ப சந்தோசம். நான் வீட்டை போறன்."

அதோடு தொடங்கியது. எங்கள் பங்கில் யார் சாரதி இல்லை, சொல்லுங்கள் அக்கா? பஸ், டாக்சி, பாசல் வான், எல்லாம் எங்கள் ஆட்கள்தான். வரிசையாகக் கை உயர்ந்தது. தபால் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் ஒரு மூலையில் எழும்பினார்கள். ஊரில் கடற்தொழில் செய்த குருநகர் ஆட்கள் சிரித்துச் சிரித்து, "அண்ணை, நாங்கள் படகோட்டியள், எங்களுக்கும் விலக்கு" என்றார்கள். லண்டனுக்கு வந்த பிறகு ஒருத்தன்கூட ஒரு துடுப்பைத் தொட்டதில்லை! மிஞ்சினவர்களைப் பார்த்தால் எல்லோரும் நாற்பத்தைந்து தாண்டினவர்கள். என் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணராசா, சைவக்காரன், மாதா திருவிழாவுக்கு வருசம் தவறாமல் வருகிறவன், மெல்ல எழும்பிக் கேட்டான்:

"சூசையண்ணை, உங்களுக்கு என்ன வயசு?"

எனக்கு ஐம்பத்தேழு. நான் எழுதின சட்டத்தின்படி நானே இல்லை. ஃபாதர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

வெளியே வரவும் மழை. முழங்கால் பிடித்துக்கொண்டது. மேரிசாந்திதான் காரில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டா. போகும்போது மீன் கட்லற் ஒரு டப்பா தந்தா. உப்புக் குறைவு. மிளகும் காணாது. சட்டத்தைக் கெடுத்தது காணாதென்று சமையலிலும் கெடுதி. முழுவதையும் சாப்பிட்டு முடிக்க மறுநாள் ஆகிவிட்டது.

மனம் நொந்த,
சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
10.05.2025

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை நான் வாசிக்க, அத்தான் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்து வழுக்கி விழுந்துவிட்டார். அடிபடவில்லை. பிஸ்கற் தகரமும் நீ சொன்ன இடத்திலேயே அகப்பட்டது. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், அவர் உன்னோடு கோபம்.

ஜெஸ்ரின் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள். "அம்மா, அந்த விலக்கை வைத்து அமெரிக்காவிலும் எத்தினை பேர் தப்பப் பார்த்திருப்பாங்கள் எண்டு நான் இப்பதான் யோசிக்கிறன்" என்கிறாள். உன்னால் அவளுக்கு ஒரு பக்கம் கூடுதலாக எழுத வேண்டி வருமாம்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் கடிதத்தில் மாதாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கவுன்சிலைப் பற்றி இல்லை. மேரிசாந்தி சொன்னது, மேரிசாந்தி கேட்டது, மேரிசாந்தியின் கார், மேரிசாந்தியின் கட்லற். யார் இந்தப் பிள்ளை? என்ன வயது? குடும்பம் இருக்கிறதா? உன் பியற்றிஸ் எங்களை விட்டுப் போய் இந்த ஆவணியோடு ஆறு வருசம். அதற்குப் பிறகு நீ ஒரு மனிசரைப் பற்றி இவ்வளவு கோபமாக எழுதி நான் காணவில்லை. எனக்கு அது சந்தோசமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

பதில் எழுதும்போது என் கேள்விகளுக்கும் பதில் எழுது.

உன் முழங்காலுக்குப் பூசச் சித்தாலேப அனுப்புகிற,
அக்கா


எட்மண்டன்
27.05.2025

அக்காவுக்கு,

சித்தாலேப கிடைத்தது. நன்றி. சுகம்.

ஞாயிற்றுக்கிழமை மீற்றிங்கில் ஃபாதர் கேட்டார், "அந்தப் படைச் சட்டக்காரர் தலைவரை எப்பிடித் தெரிவுசெய்தவை?" என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை. "வாக்கெடுத்து" என்றேன். "அப்ப நாங்களும் எடுத்துப் பாப்பமே" என்றார்.

மேரிசாந்திக்குத்தான் எல்லோரும் கை உயர்த்தினார்கள். எனக்குக் கிருஷ்ணராசா மட்டும். அவனும் அயலவன் என்ற முகத்துக்குத்தான்.

தலைவி ஆனவுடன் அவ கேட்டா, "சூசையண்ணை, நீங்கள் எந்த வேலை செய்ய விருப்பம்?" என்று. ஒரு வேலையும் இல்லை என்று சொல்லி, ஜக்கெற்றைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இனி அந்தப் பக்கம் போகமாட்டேன். மாதா எந்தப் பெற்றோல் நிலையத்துக்குப் போனாலும் என்னைக் கேட்காதேங்கோ.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
29.06.2025

அன்புத் தம்பி,

நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. சரி, கொழுவினாலும் பரவாயில்லை என்று போன் எடுத்தேன், அதையும் நீ எடுக்கவில்லை. சாப்பிடுகிறாயா? குளிசை எடுக்கிறாயா? இரண்டுக்கும் ஓம் என்று ஒரு அட்டையிலாவது எழுதிப் போடு. நாங்கள் சுகம். உன்னை நினைத்து எனக்குத்தான் நித்திரை குறைவு.

நீ தோற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜெஸ்ரின் ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறாள், உள்ளே வைக்கிறேன். அந்தச் சட்டத்துக்கும் முந்தி, அமெரிக்கர் இங்கிலாந்துக்காரனோடு யுத்தம் செய்தபோது, படையைப் பழக்குவதற்கு ஜேர்மனிப் பக்கத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்தாராம். வந்தவருக்கு உன் நிலைமைதான். ஒருத்தரும் சொல்வழி கேட்கவில்லை. ஐரோப்பாவில் செய் என்றால் செய்கிறான், இங்கே ஏன் செய்ய வேண்டும் என்று காரணத்தைச் சொன்னால்தான் செய்கிறான் என்று அந்த மனிசன் எழுதிவைத்திருக்கிறாராம். வாசிக்கும்போது எங்கள் சனத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்!

அவர் எழுதின ஒழுங்குவிதிகளில் தலைவனுடைய முதல் வேலை என்ன தெரியுமா? விசில் இல்லை, தண்டனை இல்லை. தன் ஆட்களின் அன்பைச் சம்பாதிக்க வேண்டுமாம். ஒவ்வொருத்தருடைய பெயரும் குணமும் அறிந்திருக்க வேண்டுமாம். வருத்தம் என்றால் போய்ப் பார்க்க வேண்டுமாம். இது தேவாரம் செபம் சொல்கிற ஆள் எழுதினதில்லை, பீரங்கியோடு நின்ற ஆள் எழுதினது.

நீ கெட்டிக்காரன் தம்பி. ஆனால் எங்கள் சனத்துக்குக் காரணம் சொல்ல உனக்குப் பொறுமை இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதோ என்னவோ, எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் இருந்து புறுபுறுக்காமல் போய்ப் பார்.

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கிற,
அக்கா


எட்மண்டன்
13.07.2025

அன்பின் கிளறிற்றா அக்காவுக்கு,

மரியே வாழ்க. உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனால் என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் பெயர் மேரிசாந்தி. நீங்கள், அத்தான், மகள் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு நீங்கள் அனுப்பின கடிதத்தின் உறை ஊர்வலப் பயிற்சியில் அவருடைய பொக்கற்றில் இருந்து விழுந்தது. பின்பக்கத்தில் உங்கள் விலாசம் இருந்தது. உள்ளே இருந்ததை நான் வாசிக்கவில்லை, மாதா மேல் ஆணை. மகள் எழுதின பக்கத்தை மட்டும் அவரே எனக்குக் காட்டினவர்.

ஓம் அக்கா, பயிற்சிக்கு வருகிறார். உங்களுக்குச் சொல்லவில்லையாமே? தலைமைப் பதவி போன பிறகு இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வரிசையின் கடைசியில் வந்து நின்றார், ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பார். போன கிழமைதான் மகளின் பக்கத்தைக் கொண்டுவந்து, "இதை வாசியுங்கோ, உங்களுக்கு உதவும்" என்று நீட்டிவிட்டு அங்கால் போய்விட்டார்.

உதவியது அக்கா. ஒவ்வொருத்தரையும் சந்திக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "இந்தக் கரை வெறுமையா இருக்கவேணும், ஏனெண்டால் அம்புலன்ஸ் வரக்கூடும்" என்று காரணம் சொன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தவர்கள்கூட நிற்கிறார்கள். ஆட்களின் குணத்தையும் பிடித்துவிட்டேன். றோல்ஸ் மேசையை விட்டு நகராதவரை அந்த மேசைக்கே காவல் போட்டேன். கிருஷ்ணராசா அண்ணைக்குத் தொண்டை பெரிது, அவர் முன்னுக்கு நின்று வாகனங்களை மறிப்பார். தபால்காரருக்குத் தெருவில் எல்லா வீடும் தெரியும், வீடுவீடாய்ப் போய் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள்.

உங்கள் தம்பியின் குணம்தான் பிடிபடவில்லை. என் காரில் ஏறினால் பிரேக்கைப் பற்றிக் குறை, கட்லற் தந்தால் உப்பில் குறை, ஆனால் காலையில் எல்லோருக்கும் முந்தி வந்து கதிரை அடுக்குகிறவர் அவர்தான். என்னிடம் ஏன் இவ்வளவு குறை சொல்கிறார்? அவரை எந்த இடத்தில் நிறுத்துவது? தலைவி தன் ஆட்களை அறிந்திருக்க வேண்டுமாம். அதற்காகத்தான் கேட்கிறேன்.

நான் எழுதினதை அவருக்குச் சொல்லாதேங்கோ.

அறியாமல் எழுதினதில் பிழையிருந்தால் பொறுக்க வேண்டி,
மேரிசாந்தி


கோலியர்ஸ் வுட்
20.07.2025

அன்பின் மேரிசாந்திக்கு,

உமது கடிதத்தைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோசத்தில் அடுப்பில் இருந்த சொதி பொங்கி வழிந்துவிட்டது. நாங்கள் சுகம். நீரும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், முக்கியமாகத் திருவிழா முடியும்வரை.

கள்ளன்! வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறான் என்று நான் செபமாலை சொல்லிக்கொண்டு இருக்கிறேன், அவன் அங்கே கதிரை அடுக்கிக்கொண்டு இருக்கிறான்.

அவனுடைய குணம் கேட்டீர். சொல்கிறேன். பிடிக்காத சாப்பாட்டைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லமாட்டான், கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவான். உப்புக் குறைவு, மிளகு காணாது என்று குறை சொல்லிக்கொண்டே தின்றால் அது அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சின்ன வயதில் இருந்து அப்படித்தான். பியற்றிஸ், அவனுடைய மனிசி, வைத்த கறியில் ஒரு நாளும் அவன் குறை சொல்லாமல் சாப்பிட்டதில்லை. அவள் படுக்கையில் விழுந்து சமைக்க ஏலாமல் போன பிறகு, "இவர் என்ர கறியைப் பேசிக் கேட்டுக் கனகாலம் மச்சாள்" என்று என்னிடம் அழுதாள்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர். முன்னுக்கு நிறுத்தாதேயும், கட்டளை போடத் தொடங்கிவிடுவான். கடைசியில் நிறுத்தும். நடக்க மாட்டாதவர்கள், சக்கர நாற்காலிகள், பிள்ளை வண்டில்கள் பின்தங்குகிற இடத்தில். அவன் ஒருத்தரை விட்டுவிட்டு வரமாட்டான். பியற்றிஸை ஆசுப்பத்திரியில் வைத்திருந்த காலம் முழுக்க, நேர்ஸ்மார் போகச் சொன்னாலும் போகாமல் இருந்தவன்.

உமக்கு என்ன வயது, குடும்பம் இருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன், பதில் இல்லை. அதனால் உம்மிடமே கேட்கிறேன். தலைவி தன் ஆட்களை அறிய வேண்டும் என்றால், அக்கா தலைவியை அறிய வேண்டாமா?

உமக்கும் சேர்த்துச் செபிக்கிற,
கிளறிற்றா


எட்மண்டன்
18.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல சுகம். நீங்களும் சுகம் என்று நேற்றுப் போனில் அத்தான் சொன்னார். ஊர்வலத்தை முழுவதும் எழுத வேண்டும் என்று ஆசை, அதனால் எழுதுகிறேன். இவ்வளவு நாளும் பயிற்சிக்குப் போனதை மறைத்ததற்குப் பேசுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையில் இருந்து மழை. குடைகளோடு எல்லோரும் வரிசையில் நின்றதைப் பார்க்க ஜெஸ்ரின் எழுதின ஊர்ப்படை மாதிரியே இருந்தது. ஆனால் அக்கா, நின்றார்கள்! சொன்ன இடத்தில் சொன்ன ஆள் நின்றான். எனக்குக் கடைசி இடம் தந்தா. முதலில் வாய்க்கு வந்தது கோபம்தான். "ஏன் என்னை வாலில போட்டனீங்கள்?" என்று கேட்டேன். "ஒருத்தரும் விடுபடக் கூடாது, அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்லை" என்றா. போய் வாலில் நின்றேன்.

மூன்று சக்கர நாற்காலி, பிள்ளை வண்டில்கள், முழங்கால் வருத்தக்காரர் ஒரு கூட்டம். நானும் அதில் ஒருவன்தானே! பாட்டுப் பாடிக்கொண்டு எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போனேன்.

சந்திக்குப் போக, பின்னால் அம்புலன்ஸ் சத்தம். போச்சு, இனி மாதா றோட்டுக்கு வரமாட்டா என்றுதான் நினைத்தேன். நான் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்றவன் கையைத் தூக்கினான், அவனுக்கு முன்னால் நின்றவன் தூக்கினான், சுரூபம் தோளில் அசையாமல் நிற்க, சனம் முழுக்கக் கரையோடு ஒதுங்கியது. ஒருத்தரும் கத்தவில்லை. பாட்டுக்கூட நிற்கவில்லை. அம்புலன்ஸ் மற்றக் கரையால் ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. முன்னுக்குக் கிருஷ்ணராசா காருகளை மறித்துப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டும். அது போய் மறைந்த பிறகுதான் அவன், "மரியே!" என்று ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், சைவக்காரன், சனம் முழுக்க "வாழ்க!" என்றது. நான் அழுதேன் அக்கா. மழையில் யாருக்கும் தெரியாது.

கவுன்சிலில் இருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றது. ஃபாதரிடம் வந்து, அடுத்த வருசம் பெரிய றோட்டாலேயே போங்கள் என்று சொன்னது. ஒரு தட்டு றோல்ஸும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனது. மாதா பத்திரமாகப் பீடத்துக்கு வந்துவிட்டா. சனம் என்னையும் தூக்கித் தோளில் வைக்காத குறை.

ஊர்வலம் முடிந்து எல்லோரும் கலைந்தோம். வேறு விசேசம் ஒன்றும் இல்லை.

சந்தோசத்தில் மிதக்கிற,
தம்பி சூசைதாசன்


எட்மண்டன்
20.08.2025

அன்பின் மச்சாள்,

மரியே வாழ்க. சுகமாயிருக்கிறீர்களா? எனக்கு என்ன சுகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, பஸ் ஓட்டும்போது தனியச் சிரிக்கிறேன், சனம் பார்க்கிறது.

முதலில் உங்கள் கேள்விகள். எனக்கு நாற்பத்தொன்பது. தங்கச்சிமார் மூன்று பேரையும் கரைசேர்த்து முடிய என் கலியாண வயது பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. இல்லை என்றுதான் போன சனிக்கிழமை வரை நினைத்தேன்.

ஊர்வலத்தைப் பற்றி உங்கள் தம்பி எழுதியிருப்பார். கடைசியில் வேறு விசேசம் இல்லை என்று எழுதினாரா? எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்து தொண்டர்களை மண்டபத்துக்கு முன்னால் வரிசையில் நிறுத்தி, நன்றி சொல்லி, "இனிக் கலையலாம்" என்றேன். எல்லோரும் றோல்ஸ் பக்கம் ஓடினார்கள். உங்கள் தம்பி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். உடுப்பு முழுக்க ஈரம்.

"சூசையண்ணை, கலையலாம்" என்றேன்.

"நான் போகேல்ல."

"சளி பிடிக்கப் போகுது, உள்ள வாங்கோ."

"என்னை அண்ணை எண்டு கூப்பிடாதேங்கோ" என்றார். பிறகு ஜக்கெற்றின் சிப்பைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்துச் சொன்னார், "பியற்றிஸை நான் மறக்கேல்ல, மறக்கவும் மாட்டன். ஆனா வீட்டுக் கதவைத் திறக்கேக்க உள்ள ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும் எண்டு இந்த மூண்டு மாசமாத்தான் நினைக்கிறன். அந்த ஆள் நீங்களா இருக்கவேணும். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ, அடுத்த வருசமும் வாலில வந்து நிப்பன்."

பன்னிரண்டு தொன் பஸ்ஸை யோசிக்காமல் திருப்புகிற நான், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "ஓம், ஆறுதலா யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு உள்ளே போய்க் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

யோசித்தேன். இந்தக் கடிதத்தை நான் "அன்பின் அக்கா" என்றுதான் தொடங்கினேன். இவ்வளவும் எழுதி முடிய மேலே போய் அதை வெட்டிவிட்டு, "மச்சாள்" என்று எழுதினேன். வெட்டின அடையாளம் தெரிகிறது, மன்னிக்க வேண்டும்.

அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடியச் சொல்லப்போகிறேன். அதுவரைக்கும் வாயைத் திறவாதேங்கோ மச்சாள்.

உங்கள் வீட்டுக்கு வரப்போகிற,
மேரிசாந்தி